மாவுக்கட்டு பிரித்த பிறகு: பிறவி வளைபாதத்தின் முப்பது வருடக் கணக்கு

பிள்ளை பிறந்ததும் கை விரலையும் கால் விரலையும் எண்ணிப் பார்ப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். சில வீடுகளில் அந்த எண்ணிக்கை பாதியில் நின்றுவிடும். விரல்கள் பத்தும் சரியாக இருக்கும், ஆனால் பாதம் உள்பக்கமாக மடங்கி, குதிகால் மேலே ஏறி, உள்ளங்கால் எதிர்க் காலைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிறவி வளைபாதம் என்கிறோம். ஆஸ்பத்திரிகளில் கிளப்ஃபுட் என்பார்கள். அந்த நேரத்தில் பெற்றவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பிள்ளை நடக்குமா?" என்பது. நடக்கும். அதில் இன்று எந்தச் சந்தேகமும் வேண்டாம். ஆனால் அவர்கள் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது: இந்தப் பிள்ளைக்கு முப்பது, முப்பத்தைந்து வயதாகும்போது இந்தக் கால் எப்படி இருக்கும்? அதற்கான பதில், முதல் ஆறு வாரத்தில் டாக்டர் என்ன செய்கிறார் என்பதிலும், அதற்குப் பிந்தைய நான்கு வருடம் வீட்டில் என்ன நடக்கிறது என்பதிலும் இருக்கிறது.

இது அபூர்வமான குறை இல்லை. உலக அளவில் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று அல்லது இரண்டு பேர் இப்படிப் பிறக்கிறார்கள். ஆயிரத்துக்கு ஒன்று என்றே வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு 2 கோடிக்கு மேல் குழந்தைகள் பிறக்கும் இந்தியாவில் 20,000 பேரைத் தாண்டும். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு இரண்டு மடங்கு அதிகமாக வருகிறது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டு கால்களிலுமே இருக்கும்.

காரணம் என்ன என்று கேட்டால், நம் ஊரில் பலர் கிரகணத்தைச் சொல்வார்கள். கர்ப்பமாக இருந்தபோது வெளியே போனாள், கத்தியைத் தொட்டாள், காய் நறுக்கினாள் என்று ஒரு பட்டியலே வரும். பிள்ளை பெற்று இரண்டு நாள்கூட ஆகாத பெண் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள். தயவுசெய்து அந்தப் பேச்சை நிறுத்துங்கள். கிரகணத்துக்கும் இந்தக் காலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்ன காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடிவதில்லை. மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால், மற்றவருக்கும் இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. சாதாரண இரட்டையரில் அது மிகக் குறைவு. கால் உருவாவதில் பங்குள்ள பிட்எக்ஸ்1, டிபிஎக்ஸ்4 ஆகிய மரபணுக்களில் ஏற்படும் மாற்றங்கள் சில குடும்பங்களில் கண்டறியப்பட்டிருக்கின்றன. இன்னும் சில குழந்தைகளுக்கு முதுகுத்தண்டுக் குறையோ பல மூட்டுகளின் இறுக்கமோ சேர்ந்திருக்கும். அவர்களுடைய பாதை வேறு, கூடுதல் கடினமானது. இந்தக் கட்டுரை மற்றக் குறை எதுவும் இல்லாத குழந்தைகளைப் பற்றியது.

சிகிச்சையே செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? குழந்தை எழுந்து நிற்கும், நடக்கவும் செய்யும். ஆனால் உள்ளங்காலில் நடக்காது. பாதத்தின் வெளிவிளிம்பிலோ, கோணல் கடுமையாக இருந்தால் புறங்காலிலோ எடை விழும். எடை தாங்குவதற்கென்று உருவான தோல் இல்லை அது. காய்த்துத் தடிக்கும், வெடிக்கும், புண்ணாகும். போட்டுக்கொள்ளச் செருப்பு கிடைக்காது. பள்ளிக்கு நடந்துபோக வேண்டிய தூரம், வயலில் நிற்க வேண்டிய நேரம், பெண்ணாக இருந்தால் கல்யாணப் பேச்சு என்று வாழ்க்கையின் ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கால் குறுக்கே நிற்கும். சில வாரச் சிகிச்சையில் திருப்பியிருக்கக்கூடிய ஒரு கால், ஒரு மனிதரின் முழு வாழ்க்கையையும் தீர்மானித்துவிடுகிறது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இனி சிகிச்சையின் கதை. கிறிஸ்து பிறப்பதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டிஸ் இதைப் பற்றி எழுதிவிட்டார். சீக்கிரம் தொடங்க வேண்டும், வலுக்கட்டாயமாக முறுக்கக் கூடாது, மெழுகை உருவாக்குவதுபோல மெல்ல மெல்லத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது அவர் சொன்ன வழி. இருபதாம் நூற்றாண்டில் மருத்துவம் கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறான திசையில் போனது. மயக்க மருந்தும் நவீன அறுவைக் கூடமும் வந்த பிறகு, இறுகிய தசைநாண்களையும் மூட்டு உறைகளையும் வெட்டித் தளர்த்தி, ஒரே அறுவையில் காலை நேராக்கிவிடலாம் என்ற நம்பிக்கை வளர்ந்தது. 1970களிலும் 80களிலும் பல நாடுகளில் இதுதான் வழக்கம். மேசையிலிருந்து இறக்கும்போது கால் அழகாக நேராக இருக்கும். பெற்றோருக்கும் நிம்மதி, டாக்டருக்கும் நிறைவு.

அந்தக் குழந்தைகள் வளர்ந்த பிறகு கணக்கு மாறியது. 2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறுவயதில் இப்படிப் பெரிய அறுவை செய்துகொண்ட 45 பேரின் 73 பாதங்களைச் சராசரியாக 30 ஆண்டுகள் கழித்துப் பார்த்திருந்தார்கள். பலருக்குப் பாதம் விறைத்துப்போயிருந்தது. வலி, மூட்டுத் தேய்மானம், நடமாட்டக் குறைவு. எவ்வளவு விரிவாக வெட்டியிருந்தார்களோ அவ்வளவு மோசமாக இருந்தது பிற்காலச் செயல்பாடு. மறுபடி மறுபடி அறுவை செய்தவர்களின் நிலை எல்லாரையும்விடக் கஷ்டம். வெட்டிய இடமெல்லாம் தழும்புத் திசுவாக ஆறும், தழும்பு நீளாது, வளராது. வளரும் பாதத்துக்குள் வளராத கயிறு ஒன்றைக் கட்டி வைத்ததுபோல ஆகிவிடுகிறது. சிலருக்குத் தலைகீழாக, அளவுக்கு மீறித் திருத்தப்பட்டுப் பாதம் தட்டையாகி வெளிப்பக்கம் சாய்ந்துவிடும்.

இது நடக்கும் என்பதை அந்த ஆய்வுக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பார்த்துவிட்டார். இக்னாசியோ பொன்செட்டி. 1914 ஜூன் 3 அன்று ஸ்பெயினின் மெனோர்கா தீவில் பிறந்தவர். அப்பா கடிகாரம் பழுதுபார்ப்பவர், சிறுவயதில் அந்தப் பட்டறையில் பையனும் கூடமாட உதவியிருக்கிறார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுப் படையின் மருத்துவராக இருந்தார். தோல்விக்குப் பிறகு காயம்பட்டவர்களுடன் மலையைத் தாண்டி பிரான்சுக்குத் தப்பினார், அங்கிருந்து மெக்சிகோ போய்க் கிராம மருத்துவராக வேலை செய்தார், 1941இல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த ஆரம்ப வேலைகளில் ஒன்று, முன்பு வளைபாதத்துக்கு அறுவை செய்துகொண்டவர்களைத் திரும்ப வரவழைத்துப் பார்ப்பது. அவர் கண்டது விறைத்த, வலிக்கும் கால்களை. வெட்டுவது வழியல்ல என்று அப்போதே முடிவு செய்து, பாதத்தின் எலும்புகள் ஒன்றோடொன்று எப்படி அசைகின்றன என்பதைப் படிக்க உட்கார்ந்தார்.

அவர் கண்டுபிடித்தது சின்ன விஷயம்போலத் தெரியும், எல்லாம் அதில்தான் இருக்கிறது. கணுக்காலுக்குள் பூட்டியதுபோல உட்கார்ந்திருக்கும் எலும்பு தாலஸ். குதிகால் எலும்பும் அதற்கு முன்னால் உள்ள எலும்புகளும் தாலஸைச் சுற்றி ஒரே கூட்டமாகத் திரும்புபவை. குதிகாலைத் தனியாகப் பிடித்து நேராக்க முடியாது. தாலஸின் தலையை வெளிப்பக்கத்தில் கட்டைவிரலால் அணைத்துக்கொண்டு, மொத்தப் பாதத்தையும் அதற்குக் கீழே வெளிப்பக்கமாகத் திருப்பினால் குதிகால் தானே நேராகும். அதற்கு முன்பிருந்த முறையில் பாதத்தின் நடுப்பகுதியின் வெளி ஓரத்தில் விரலை வைத்து அழுத்தினார்கள். அந்த இடத்தில் அழுத்தினால் குதிகால் திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். கட்டைவிரல் இருக்க வேண்டிய இடம் கொஞ்சம் தள்ளிப்போனதால் குழந்தைகள் மாதக்கணக்கில், சில சமயம் ஒன்றரை வருடத்துக்கும் மேல் மாவுக்கட்டோடு கிடந்தார்கள். அப்படியும் சரியாகாமல் கடைசியில் அறுவைக்குப் போனார்கள்.

பொன்செட்டி முறையில் மாவுக்கட்டு போடும் நாளை ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்தால் பயம் போய்விடும். குழந்தை அம்மா மடியிலோ மேசையிலோ பால் குடித்துக்கொண்டிருக்கும். வயிறு நிறைந்த குழந்தை காலை உதைக்காது என்பதால் பசியோடு கூட்டிவந்து, கட்டுப் போடும்போதுதான் பால் கொடுக்கச் சொல்வார்கள். ஒருவர் விரல்நுனியைப் பிடித்திருப்பார், இன்னொருவர் பஞ்சைச் சுற்றி, நனைத்த மாவுக்கட்டுத் துணியைச் சுற்றுவார். இளஞ்சூட்டோடு கட்டு இறுகிக்கொண்டிருக்கும்போதே டாக்டரின் கட்டைவிரல் தாலஸின் மேல் மெல்ல அழுத்தியும் தளர்த்தியும் உருவம் கொடுத்துக்கொண்டிருக்கும். குழந்தை அழாது. அழுதால் எங்கோ தவறு. முழங்காலை மடக்கி, தொடை வரைக்கும் கட்டுப் போடுவார்கள். முழங்காலுக்குக் கீழே மட்டும் போட்டால் கட்டு நழுவும், பாதத்தைத் திருப்பிய நிலையில் பிடித்து வைக்கவும் முடியாது. முதல் கட்டில் கட்டைவிரல் பக்கத்தை மேலே தூக்கி வைப்பார்கள். பார்ப்பவர்களுக்குக் கோணலை அதிகப்படுத்துகிறார்களோ என்று தோன்றும். பாதத்தின் முன்பகுதியைப் பின்பகுதியோடு ஒரே நேர்க்கோட்டில் கொண்டுவந்தால்தான் அடுத்த படி நடக்கும்.

வாரம் ஒரு கட்டு, பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு. கடைசியில் பாதம் வெளிப்பக்கமாக அறுபது, எழுபது டிகிரி வரை திரும்பிவிடும். அதன் பிறகும் குதிகால் மேலேயே நிற்பது வழக்கம். பத்தில் எட்டு ஒன்பது குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணை, பேச்சுவழக்கில் குதிகால் நரம்பை, அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு ஒரு சின்னக் கத்தியால் வெட்டிவிடுவார்கள். கேட்கவே பயமாக இருக்கும், ஆனால் தையல்கூட வேண்டாத அளவுக்குச் சின்ன வெட்டு. மூன்று வாரம் கடைசிக் கட்டு. அதற்குள் அந்த நாண் நீளமாக மறுபடி வளர்ந்து சேர்ந்துவிடும். மேலே சொன்ன பெரிய அறுவையோடு இதை யாரும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது மூட்டுகளைத் திறப்பது, இது மூட்டைத் தொடுவதே இல்லை.

பொன்செட்டி இதை 1963இல் எழுதி வெளியிட்டபோது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. அவரிடம் சிகிச்சை பெற்றவர்களை வளர்ந்த பிறகு தேடிப் பிடித்துப் பார்த்து, ஐயோவாவின் கூப்பரும் டீட்ஸும் 1995இல் வெளியிட்ட ஆய்வுதான் திருப்பம். 45 பேர், 71 பாதங்கள், சராசரி வயது 34. வலியையும் நடமாட்டத்தையும் அளவுகோலாக வைத்துப் பார்த்ததில் 78 சதவீதம் பேருக்கு நல்ல அல்லது மிக நல்ல நிலை. கூடவே, பிறவிக் குறை எதுவும் இல்லாத 97 பேரையும் அதே அளவுகோலில் வைத்தார்கள். அவர்களில் 85 சதவீதம் பேருக்குத்தான் அந்த நிலை. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது என் மனதில் வரும் நிம்மதியைச் சொல்லி முடியாது. வளைபாதத்தோடு பிறந்தவர்களின் முப்பது வயதுக் கால், மற்றவர்களின் முப்பது வயதுக் காலுக்கு இவ்வளவு நெருக்கத்தில் வந்திருக்கிறது.

அதே ஆய்வில் கவனிக்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. எக்ஸ்ரேயில் பாதம் எப்படித் தெரிகிறது என்பதை வைத்து, வலி வருமா வராதா என்று சொல்ல முடியவில்லை. எலும்புகள் முழுக்க வழக்கமான வடிவத்துக்கு வருவதில்லை, தாலஸ் சற்றுச் சிறியதாகவே இருக்கும், பக்கத்து எலும்பு கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும். ஆனால் அந்தப் பாதம் வேலை செய்கிறது. ஆகவே நன்றாக நடந்து ஓடும் பிள்ளையின் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுக் கலங்க வேண்டியதில்லை, அதற்காக இன்னொரு அறுவைக்கு அவசரப்படவும் வேண்டியதில்லை. உட்கார்ந்து செய்யும் வேலையில் இருந்தவர்களும் உடல் எடை ஏறாமல் பார்த்துக்கொண்டவர்களும் கூடுதல் நலமாக இருக்க வாய்ப்புண்டு என்று தெரிந்தது. கெண்டைக்கால் தசை அளவுக்கு மீறி வலுவிழந்தவர்களுக்குத்தான் சிரமம் அதிகம்.

சரி, சிகிச்சை நன்றாக முடிந்த காலிலும் என்னவெல்லாம் மிச்சமிருக்கும்? ஒரு காலில் மட்டும் என்றால் அந்தக் கெண்டைக்கால் மற்றதைவிட ஒல்லியாகவே இருக்கும். எத்தனை உடற்பயிற்சி செய்தாலும் இரண்டும் சமமாகாது. பாதம் கொஞ்சம் சின்னது, செருப்பில் ஒன்று ஒன்றரை சைஸ் வித்தியாசம் வரலாம். சிலருக்குக் காலின் நீளத்திலேயே சின்ன வேறுபாடு. பள்ளிக்கூடத்தில் அரைக்கால் சட்டை போடும் வயதில் இதையெல்லாம் யாராவது கேலி செய்வார்கள். அதற்குப் பிள்ளையை முன்கூட்டியே தயார் செய்வது நல்லது, மறைத்து வைப்பதால் எந்தப் பயனும் இல்லை.

நம்மவர்களுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கணுக்காலை மேல்நோக்கி மடக்கும் திறன் இந்தக் கால்களில் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். சமதரையில் நடக்கும்போது அது தெரியவே தெரியாது. குத்துக்காலிட்டு உட்காரும்போதுதான் தெரியும். இந்தியக் கழிப்பறை, அரிவாள்மனை, நாற்று நடவு, கோலம் என்று குதிகாலைத் தரையில் ஊன்றிக் குந்தும் வேலைகள் நம் வீட்டில் எத்தனை! குதிகால் ஊன்றாமல் பின்னால் சாய்கிறது என்று பிள்ளை சொன்னால் அது சோம்பேறித்தனம் இல்லை. ஒவ்வொரு தடவை டாக்டரைப் பார்க்கும்போதும் பிள்ளையைக் குந்தச் சொல்லிக் காட்டுங்கள். கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.

இப்போது எல்லாரும் கோட்டைவிடும் இடத்துக்கு வருகிறேன். மாவுக்கட்டு பிரித்த நாளில் கால் நேராக இருக்கும், வீட்டில் சந்தோஷம், வேண்டுதல் நிறைவேறிற்று என்று கோயிலுக்குப் போவார்கள். ஆனால் பாதத்தை வளைத்த அந்த இயல்பு உடலை விட்டுப் போய்விடவில்லை. கெண்டைக்காலிலும் பாதத்தின் உள்பக்கத்திலும் உள்ள திசுக்கள் நாலைந்து வயது வரை மறுபடி இறுகப் பார்த்துக்கொண்டே இருக்கும். கால் வேகமாக வளரும் வயதில் இந்த இழுப்பும் அதிகம். அதைத் தடுக்கத்தான் இரண்டு ஷூக்களை ஒரு கம்பியில் பூட்டிய பிரேஸ். வளைந்திருந்த பாதம் வெளிப்பக்கம் அறுபது, எழுபது டிகிரி திரும்பியிருக்க வேண்டும், நல்ல கால் முப்பது, நாற்பது. கம்பியின் நீளம் குழந்தையின் தோள் அகலம். முதல் மூன்று மாதம் நாளைக்கு 23 மணி நேரம், குளிப்பாட்ட மட்டும் கழற்றலாம். அப்புறம் இரவு முழுக்கவும் பகல் தூக்கத்திலும். இப்படி நான்கு, ஐந்து வயது வரை.

சொல்ல எளிது. சித்திரை மாதக் கத்திரி வெயிலில், கரண்டு போன ராத்திரியில், வேர்த்துப்போன சின்னக் காலை அந்த ஷூவுக்குள் திணிப்பவர்களுக்குத்தான் அதன் பாடு தெரியும். முதல் இரண்டு மூன்று ராத்திரி குழந்தை வீறிட்டு அழும். பாட்டிக்குத் தாங்காது. "ஏம்மா, பச்சப்புள்ள இப்படிக் கத்துது. ஒரு ராத்திரி கழட்டி வச்சா என்ன குடியா முழுகிடும்?" மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேணாம் அத்தை, டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்காங்க" என்பாள். அந்த ஒரு வரியைச் சொல்ல அவளுக்குத் துணை வேண்டும். வீட்டில் கணவர் அவள் பக்கம் நிற்கிறாரா, மாமியாரையும் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டாக்டர் வாயாலேயே கேட்க வைத்தார்களா என்பதில் அந்தக் காலின் எதிர்காலம் பாதி இருக்கிறது. பிரேஸை ஒழுங்காகப் போட்டவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்குத்தான் கோணல் திரும்பியது, விட்டவர்களில் எண்பது பேருக்கு மேல் திரும்பிவிட்டது என்பது ஐயோவா அனுபவம். ஒரு ராத்திரியில் குடி முழுகாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு ராத்திரி கழற்றினால் நாளைக்கும் அழுதால் கழற்றுவார்கள் என்று குழந்தை புரிந்துகொள்ளும், அதற்கப்புறம் யாராலும் போட முடியாது.

சில கை வேலைகள் உதவும். உள்ளே பருத்திச் சாக்ஸ், தையல் வெளிப்பக்கம் இருக்கும்படி. முதலில் குதிகாலை அடியில் நன்றாக அமர்த்திவிட்டு நடு வாரை இறுக்க வேண்டும். குதிகால் உட்கார்ந்ததா என்று பார்க்கச் சில ஷூக்களில் பின்னால் ஓட்டை இருக்கும். தளர்வாகக் கட்டினால்தான் புண் வரும், இறுக்கியதால் அல்ல, ஏனென்றால் உராய்வதுதான் தோலைக் கிழிக்கிறது. போட்டதும் கம்பியைப் பிடித்து இரண்டு காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டினால், இரண்டையும் ஒன்றாக உதைக்க வேண்டும் என்று குழந்தை சீக்கிரம் பழகிக்கொள்ளும். கொப்புளம் வந்தால் வீட்டிலேயே நிறுத்திவிடாமல் உடனே காட்டுவது முக்கியம். இந்த ஷூ விலை அதிகம் என்ற கவலையும் வேண்டியதில்லை. உகாண்டாவில் மிகீல் ஸ்டீன்பீக் என்ற டச்சுக்காரர் உள்ளூர்த் தோலையும் இரும்பையும் வைத்துச் செய்து காட்டிய பிரேஸ் இன்று பல ஏழை நாடுகளில் குழந்தைகளைக் காக்கிறது. இந்தியாவில் 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்பிஎஸ்கேவில் பிறவி வளைபாதமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அரசு மருத்துவமனையிலும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்திலும் கேட்டால் வழி சொல்வார்கள்.

எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் சிலருக்குத் திரும்பிவிடும். யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் இரண்டு மூன்று மாவுக்கட்டிலேயே சரியாகிவிடும். மூன்று வயதுக்கு மேல், நடக்கும்போது பாதம் உள்பக்கம் புரண்டு இழுத்துக்கொண்டே இருந்தால், முன்காலிலிருந்து பாதத்தின் உள்பக்கத்துக்கு வரும் தசைநாணை எடுத்து நடுப்பக்கமாக மாற்றித் தைப்பார்கள். பிரச்சினையான இழுவிசையே பாதத்தை நேராக்கும் விசையாகிவிடுகிறது. இதிலும் மூட்டைத் திறப்பதில்லை, அதனால்தான் பிற்காலத்தில் விறைப்பதில்லை. ஏற்கெனவே பெரிய அறுவை செய்துகொண்டு இன்று நாற்பது வயதில் வலியோடு இருப்பவர்களுக்கும் வழி அடைத்துவிடவில்லை. மெத்தென்ற அடியுள்ள ஷூ, எடைக் குறைப்பு, கணுக்காலுக்குத் தாங்கு பட்டை என்று தொடங்கி, தேய்ந்த மூட்டைச் சேர்த்து இணைக்கும் அறுவை வரை இருக்கின்றன. சிகிச்சையே இல்லாமல் நாலைந்து வயதான குழந்தைகளுக்கும் மாவுக்கட்டு முறை பலன் தருகிறது. வயதாகிவிட்டது என்று யாராவது திருப்பி அனுப்பினால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.

1992 குளிர்கால ஒலிம்பிக்கில் மகளிர் ஒற்றையர் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் (பனித்தளத்தில் சறுக்கி ஆடும் போட்டி) தங்கம் வென்ற அமெரிக்காவின் கிறிஸ்டி யமகுச்சி வளைபாதத்தோடு பிறந்தவர். குழந்தைப் பருவத்தில் மாவுக்கட்டும் சிறப்பு ஷூக்களும் போட்டிருந்தவர். பிள்ளைக்கு இந்தப் பெயரைச் சொல்லி வளர்க்கலாம். ஆனால் பதக்கம் வாங்கினால்தான் கால் சரியானது என்று எண்ணம் வந்துவிடக் கூடாது. மாடிப்படி ஏறி, பஸ்ஸைத் துரத்திப் பிடித்து, நாள் முழுக்கக் கடையில் நின்று வேலை பார்த்துவிட்டு வலியில்லாமல் தூங்கும் ஒரு முப்பத்தைந்து வயதுக்காரரின் கால்தான் இந்தச் சிகிச்சையின் வெற்றி.

நாலைந்து வயதில் கம்பி ஷூ பரணுக்குப் போன பிறகும், வளர்ச்சி நிற்கும் வரை வருடத்துக்கு ஒரு தடவையாவது டாக்டரிடம் காட்ட வேண்டும். இடைப்பட்ட மாதங்களில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பிள்ளை பள்ளியிலிருந்து வந்து வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். குதிகால் பக்கம் தேய்ந்திருந்தால் நல்லது. வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், அடுத்த லீவுக்குக் காத்திருக்காமல் அந்த வாரமே கிளம்புங்கள்.